பருத்திமார்க் கட்டு

ஆண்டாயி செத்து ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் கமலவேணி விடிந்ததும் இரண்டு உலை வைத்தாள். ஒன்று தன் வீட்டுக்கு, மற்றது ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆண்டாயி வீட்டுக்கு.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் கருமாதி முடிகிறவரைக்கும் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். பங்காளிகளும் அக்கம்பக்கத்தாரும் முறை வைத்துச் சோறு கொண்டுபோவார்கள். அந்த வீட்டுக் கூரையில் அதற்குமுன் புகை வந்தால் ஊர் நின்று பார்க்கும். ஒரு வேளைச் சோறு போட நாதியில்லாமலா போய்விட்டது என்று கேட்கும். அப்படி ஒரு பேச்சை எந்த வீடும் வாங்கிக்கொண்டதில்லை.

ஆண்டாயியின் புருஷன் ஆண்டவருக்குச் சோறு கொண்டுபோக ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஆண்டாயியின் மேல் மோதிய டிப்பரை ஓட்டி வந்தவன் கமலவேணியின் புருஷன் குழந்தைவேல். எடுத்து அடக்கிய அன்றைக்கே பந்தலில் பேச்சு வந்தது. எதிர்வீட்டுச் சோறு உள்ளே வரலாமா என்று பங்காளி ஒருவர் கேட்டார். ஆண்டவர் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"அது ஏன் வரக்கூடாது? முப்பது வருசமா ரெண்டு வூட்டுக்கும் ஒரே கொழம்பு. அவன் என்ன வேணும்னா செஞ்சான்? இவளுக்குக் காது கேக்கல. அதுக்கு அவன் என்ன பண்ணுவான்?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. திருமானூரில் வாழ்க்கைப்பட்ட மகள் சிந்தாமணியும், பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று ஐந்தாம் நாள் கிளம்பியபோது கமலவேணியின் கையைப் பிடித்து, "அப்பாவ பாத்துக்கங்க அத்தை" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். கொன்றவன் வீட்டுச் சோற்றை ஒன்பது நாளாக ஆண்டவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒன்பது நாளும் குழந்தைவேல் தன் வீட்டில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளி என்றால் குளித்தான், சாப்பிடு என்றால் சாப்பிட்டான். அழவில்லை. அழுதிருந்தால் கமலவேணிக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

அரியலூரைச் சுற்றி எந்த ஊர் ரோட்டில் நின்றாலும் சுண்ணாம்புக்கல் டிப்பர் போகும். சுரங்கத்திலிருந்து ஆலைக்கு லோடு, ஆலையிலிருந்து சுரங்கத்துக்கு வெறும் வண்டி. வேப்பிலையிலிருந்து சோற்றுப்பானை மூடிவரை எல்லாவற்றிலும் வெள்ளைப் புழுதி. எங்கள் ஜனங்களுக்கு ரோட்டைக் கண்ணால் பார்த்துக் கடக்கும் பழக்கமே கிடையாது. புழுதியில் பார்த்தாலும் என்ன தெரியப்போகிறது? காதால் கடப்பார்கள். மதகடித் திருப்பத்தில் வண்டி கியர் குறைக்கும் உறுமல் கேட்டால் நிற்பார்கள், கேட்காவிட்டால் இறங்கி நடப்பார்கள். தலையில் சுமை இருந்தால் இதைத் தவிர வேறு வழியும் இல்லை. பருத்தி எடுத்து முடித்தபின் காய்ந்த செடியைப் பிடுங்கி விறகுக்குக் கட்டும் பருத்திமார்க் கட்டு, தலையில் வைத்தால் முகத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு கை நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். கழுத்தைத் திருப்ப முடியாது. முன்னால் காலடியில் இருக்கும் தரைதான் தெரியும்.

குழந்தைவேல் இருபத்திரண்டு வருடம் டீசல் டிப்பர் ஓட்டியவன். அவன் வண்டி வருவது தெருவுக்கே தெரியும். போன ஆடியில் ஒப்பந்தக்காரர் மூன்று பேட்டரி டிப்பர் இறக்கினார். டீசல் வண்டிகளை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இப்படி மாற்றப்போவதாகப் பேச்சு. பயிற்சிக்குப் பொறுக்கி எடுத்த மூன்று பேரில் குழந்தைவேலும் ஒருவன். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, காலடியில் இஞ்சின் சூடு கிடையாது. உள்ளே ஏசி. இறக்கத்தில் காலை எடுத்தால் தானே பிடித்துக்கொண்டு பேட்டரிக்குச் சார்ஜும் ஏற்றிக்கொள்ளும். ஒரு மாதம்வரைக்கும் அவன் இடது கால் இல்லாத கிளட்சைத் தேடிக்கொண்டிருந்தது. முதுகு வலி போய்விட்டது என்று கமலவேணி சந்தோஷப்பட்டாள்.

வண்டிக்குச் சத்தம் இல்லை என்பதால் கம்பெனிக்காரன் ஒரு சத்தத்தை வைத்து அனுப்பியிருந்தான். ஊருக்குள் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்பம்பருக்குப் பின்னாலிருக்கும் ஸ்பீக்கர் மெல்லிசாக ஒரு ராகம் இழுக்கும். மனுஷர் விலகுவதற்காக வைத்தது. முதல் நாள் அதைக் கேட்ட ஆண்டாயி ரோட்டோரம் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏன்டா குழந்தை, குச்சி ஐஸ் எவ்ளோடா? எனக்கு ஒரு சேமியா ஐஸு குடு!"

ஆண்டாயிக்கு ஐம்பத்தைந்து வயது. வாய் சும்மா இருக்காது. ஒரே வாரத்தில் தெரு முழுக்க அவனுக்கு ஐஸ் வண்டி என்று பேராகிவிட்டது. டீக்கடையில் கேட்டார்கள், பருத்திக்காட்டில் கேட்டார்கள். இருபது டன் கல்லை ஏற்றிக்கொண்டு வருகிறவனைப் பார்த்துப் பால் ஐஸ் இருக்கிறதா என்று கேட்டால் அவனும் எத்தனை நாள் பல்லைக் காட்டுவான்? மாசி கடைசியில் ஒரு நாள் சுரங்கத்தில் லோடுக்கு நிற்கும்போது கீழே இறங்கி, பம்பருக்குள் கையை விட்டு அந்த ஸ்பீக்கர் ஒயரை உருவிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஊருக்குள் வண்டி சத்தமில்லாமல் போனது. கேலியும் நின்றுபோனது.

நாலைந்து நாள் கழித்து ஆண்டாயி குழாயடியில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடா, இப்பல்லாம் ஐஸ் வண்டியவே காணும்? வேற ரோட்டுல போறியா?"

"தெனமும் இதுலதான் போறேன்க்கா. ஒனக்குக் காது போச்சு. வயசாவுதுல்ல. டவுன்ல மிசினு விக்கிறான், மாமாவ வாங்கித் தரச் சொல்லு."

அவளும் சிரித்தாள். ஒரு தடவையாவது அவளைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்ட சந்தோஷம் குழந்தைவேலுக்கு அன்று பூராவும் இருந்தது.

பங்குனி பன்னிரண்டாம் தேதி காலை எட்டு மணி. ஆண்டாயி கொல்லைக்காட்டிலிருந்து பருத்திமார்க் கட்டோடு வந்து புளியமரத்தடியில் நின்றாள். ஒரு டீசல் டிப்பர் போனது. அதன் சத்தம் தேய்ந்து புழுதி மட்டும் நின்றதும், காதுக்கு ரோடு காலியாகிவிட்டதென்று இறங்கினாள். குழந்தைவேல் வெறும் வண்டியோடு அந்தப் புழுதிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். கட்டுதான் முதலில் தெரிந்தது. பிரேக்கை மிதித்தான், வண்டியும் நின்றது, ஆனால் இரண்டு முழம் தள்ளி நின்றது. அவளை அரியலூர் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அவள் கண் திறக்கவே இல்லை. குழந்தைவேல்மேல் கேஸ் போட்டு ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, பிரேக் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். சத்தத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை.

சிதறிக்கிடந்த கட்டை யாரோ பொறுக்கி மறுபடி கட்டி ஆண்டவர் வீட்டுச் சுவரில் சாத்தினார்கள். அன்றிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சூப்பர்வைசர் பிரேம் வந்தான். குரும்பலூர்ப் பையன், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும். பைக்கை வேப்பமரத்து நிழலில் நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா தம்பி" என்றாள் கமலவேணி.

"இருக்கட்டும்க்கா. அண்ணன் எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

பிரேம் உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். குழந்தைவேல் சட்டை போடாமல் கட்டிலில் இருந்தான்.

"அண்ணே, நாளைக்கு டூட்டிக்கு வந்துருங்க. பேட்டரி வண்டிக்கு டிரெய்னிங் எடுத்தது மூணே பேரு. நீங்க ஒக்காந்துட்டா ஒரு வண்டி சும்மா நிக்கிது. லைசென்சுக்கு நோட்டீஸ் வந்தா வரப்ப பாத்துக்கலாம்."

"அதே வண்டியா?"

"அதே வண்டிதாண்ணே. கழுவி நிறுத்தியிருக்கு."

பிரேம் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"இதுல எதுத்த வூட்டுக்காரரு ஒரு கையெழுத்து போடணும். அவரு சம்சாரத்துக்குக் காது கேக்காதுன்னு. அவரே எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்கறதுதானேண்ணே, எழுத்துல இருந்தா ஒங்க கேசும் லேசாவும். நான் போயி கேட்டா நல்லாருக்காது. நீங்க சோறு கொண்டு போறீங்கல்ல, அப்ப வாங்கிருங்க."

"நான் கொண்டு போறதில்ல. இவதான் போறா."

"அப்ப அக்கா வாங்கிருங்க" என்று பிரேம் தாளைக் கட்டில்மேல் வைத்தான். அதன்மேல் ஒரு பேனாவையும் வைத்துவிட்டுப் போனான். கெட்டவனென்று அவனைச் சொல்ல முடியாது. தன் வேலையைத்தான் பார்த்தான்.

பகலில் கமலவேணி தூக்குச்சட்டியில் சோறும் கிண்ணத்தில் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும் எடுத்துக்கொண்டு கிளம்பியபோது குழந்தைவேல் எழுந்து சட்டையைப் போட்டான்.

"நானும் வரேன்."

ஒன்பது நாளில் அவன் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். கமலவேணி தாளை அவன் கையில் பார்த்தாள். கையெழுத்து வாங்கத்தான் வருகிறான், எப்படியோ எழுந்தானே என்று நினைத்துக்கொண்டாள். ரோட்டோரம் வந்ததும் இரண்டு பேரும் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கடந்தார்கள். இப்போதெல்லாம் எங்கள் ஊரில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

ஆண்டவர் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். குழந்தைவேலைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"வா மாப்ள. சாப்டியா?"

"இன்னும் இல்ல மாமா."

"அப்ப ஒனக்கும் போடச் சொல்றேன். கமலா, அவனுக்கும் ஒரு தட்டு எடும்மா."

"வேணாம் மாமா. நீங்க சாப்பிடுங்க."

கமலவேணி பரிமாறினாள். ஆண்டவர் இரண்டு வாய் பிசைந்து சாப்பிட்டார். உப்பு சரியா என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அப்புறம்தான் அவர் அந்தத் தாளைக் கவனித்தார்.

"அது என்ன? ஆபீஸ் தாளா? கையெழுத்து எங்க போடணும், சொல்லு."

"படிச்சுப் பாருங்க மாமா."

"நீயே படி. கண்ணாடிய எங்க வச்சன்னு தெரியல. அவளுக்குத்தான் தெரியும்."

குழந்தைவேல் படித்தான். என் மனைவி ஆண்டாயிக்குச் சில காலமாகக் காது சரியாகக் கேட்காது என்று இருந்தது. ஒரு வரிதான்.

"சரியாத்தான எழுதியிருக்கான்" என்றார் ஆண்டவர். சோற்றில் கையை வைத்தபடியே பேசினார். "பங்குனி பொறக்கறதுக்கு முந்தியே சொன்னா. 'ஏங்க, எதுத்த வூட்டுத் தம்பி வண்டி போறதே கேக்க மாட்டேங்குது. மத்த லாரியெல்லாம் கேக்குது. அது மெல்லிசு சத்தம் பாருங்க, மொதல்ல மெல்லிசு சத்தந்தான் போவும்போல'ன்னு சொன்னா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல மாப்ள. பயந்துபோயிட்டா. அவங்க ஆயாவுக்கும் கடசில காது கேக்காது. அதே எனக்கும் வருதுன்னா."

கமலவேணியின் கையில் குழம்புக் கரண்டி நின்றது.

"கமலாவ கேளு. பூண்டு போட்டு நல்லெண்ணெ காச்சிக் குடுத்துச்சு. ராவானா ரெண்டு சொட்டு நாந்தான் விடுவேன். ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, 'நாளைக்குக் கேக்குமா, கேக்குமா'ன்னு கேப்பா. காலையில எழுந்து வாசல்ல நிப்பா, ஒன் வண்டிக்காக. நீ போயிட்டு வந்துருப்ப. அவளுக்கு ஒண்ணும் கேட்டுருக்காது."

ஆண்டவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். முகத்தில் ஈரம் ஒன்றும் இல்லை.

"டவுனுக்குப் போயி காது டாக்டர்கிட்ட காட்டலாம்டின்னேன். பருத்திய வெலைக்குப் போட்டுட்டு வந்து போவலாம்னேன். பருத்தி மொதல்ல, காது பொறவுன்னு நெனச்சுட்டேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கூட்டிட்டுப் போயிருந்தா... ஊரு ஒன்னைய சொல்லுது. அவள கொன்னது நான் மாப்ள. குடு அந்தப் பேனாவ."

குழந்தைவேல் பேனாவைக் கொடுக்கவில்லை.

"அக்காவுக்குக் காது நல்லா கேட்டுச்சு மாமா."

"என்ன சொல்ற?"

"வண்டியிலதான் சத்தம் இல்ல. ஒயர நாந்தான் புடுங்கி விட்டேன்."

வெளியே ஒரு டிப்பர் போனது. சாமான்கள் அதிர்ந்து அடங்கின.

"எப்ப?"

"மாசி கடசில."

"எதுக்கு?"

குழந்தைவேல் தரையைப் பார்த்தான். "ஐஸ் வண்டின்னு சொன்னாங்க" என்றான்.

ஆண்டவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வரும் என்று கமலவேணி காத்திருந்தாள். வரவில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறவர்போல அவர் உதடு மட்டும் அசைந்தது.

"அப்பறம் அவகிட்ட ஒனக்குக் காது போச்சுன்னு சொன்னியே. கொழாயடியில. வந்து சொன்னா என்கிட்ட."

"வெளையாட்டுக்குச் சொன்னேன் மாமா."

"வெளையாட்டுக்கு."

"எண்ணெ நாந்தான் காச்சினேன்" என்றாள் கமலவேணி. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. மூக்கில் பூண்டு வாசம் வந்தது. நல்ல காதுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்திருக்கிறாள்.

ஆண்டவர் தட்டிலேயே கையைக் கழுவினார். பாதிச் சோறு தண்ணீரில் மிதந்தது. தாளை வாங்கி நாலாக மடித்து குழந்தைவேலின் சட்டைப்பையில் அவரே வைத்தார்.

"நாளைக்கு வண்டி எடுக்கறியா?"

"எடுக்கல மாமா. இனிமே எடுக்கல."

"எடு. ஒரு நடை எடு. அந்த ஒயர மாட்டிக்கிட்டு எட்டு மணிக்கு வா. நான் கேக்கணும்."

அன்று சாயங்காலம் கமலவேணி புருஷனிடம் ஒரே ஒரு தடவை, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அவன் தலையாட்டினான். அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள், நாளைக்கும் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து.

திங்கட்கிழமை ஆறரைக்கு குழந்தைவேல் ஆலைக்குப் போனான். சார்ஜ் போடும் இடத்தில் வண்டி வெள்ளைவெளேரென்று நின்றது. குனிந்து பம்பருக்குள் கையை விட்டுத் தொங்கிக்கொண்டிருந்த ஒயரைத் தேடி எடுத்துச் சொருகினான். பிரேம் பின்னால் வந்து நின்றான்.

"என்னண்ணே, ஏதாவது கழண்டுருக்கா?"

"கழண்டுக்கல தம்பி. நாந்தான் கழட்டி வுட்டுருந்தேன். அன்னைக்கும் கழட்டித்தான் இருந்துச்சு."

பிரேம் சுற்றுமுற்றும் பார்த்தான். "அண்ணே, மெதுவா பேசுங்க" என்றான்.

"டேசன்லயும் சொல்லப்போறேன். ஒரு நடை போயிட்டு வந்து சாவியக் குடுத்துடறேன்." சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து அவனிடம் கொடுத்தான். பிரேம் மடிப்பைப் பிரித்துப் பார்த்தான், கையெழுத்து இல்லை. கேட் திறக்கச் சொல்லிக் கையை மட்டும் காட்டினான்.

எட்டு மணிக்குக் கமலவேணி வாசலில் நின்றாள். எதிரே ஆண்டவர் சுவரில் சாத்தியிருந்த பருத்திமார்க் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார். புளியமரத்தடிக்குப் போய், ஆண்டாயி நின்ற அதே இடத்தில் வீட்டைப் பார்க்கத் திரும்பி நின்றார். இரண்டு பக்கமும் மார் துருத்திக்கொண்டிருந்ததில் அவர் முகம் தெரியவில்லை. ஒரு டீசல் டிப்பர் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர் அசையவில்லை. அதன் சத்தம் தேய்ந்தது.

அப்போது மதகடித் திருப்பத்தில் அந்த ராகம் கேட்டது.

மெல்லிசுதான். ஆனால் டீசல் வண்டியின் சத்தத்தில் சேராமல் தனியாக, தெளிவாகக் கேட்டது. கமலவேணிக்கு வாசலில் கேட்டது. உள்ளே கொடியில் காய்ந்த துணிக்குப் பின்னால் நின்றிருந்தாலும் கேட்டிருக்கும். வண்டி மதகிலிருந்து புளியமரத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு ஆள் சுமையோடு ரோட்டைக் கடந்து, மறுபடி திரும்பியும் வந்திருக்கலாம். அவ்வளவு நேரம் இருந்தது.

கட்டின் நுனிக் குச்சிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஆண்டவர் ரோட்டில் இறங்கவில்லை. குழந்தைவேல் கண்ணாடியை இறக்கிவிட்டு இருபதில் வந்தான். அவரைத் தாண்டும்போது நிறுத்தப் பார்த்தான். கட்டுக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, போ என்று காட்டியது. வண்டி ராகம் பாடிக்கொண்டே போனது.

"கேக்குது" என்றார் ஆண்டவர். புழுதி அடங்கும்வரை நின்றார். "நல்லாத்தான் கேக்குது" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு, கட்டோடு ரோட்டைக் கடந்து வீட்டுக்குப் போனார். வாசலில் நின்ற கமலவேணியை அவர் பார்க்கவில்லை. கட்டு மறைத்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

குழந்தைவேல் சாவியைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போயிருப்பதாகப் பத்து மணிக்குப் பிரேம் போன் செய்தான். "அக்கா, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். "தெரியும்" என்றாள். பெரம்பலூர் ஹாஸ்டலில் படிக்கும் மகள் ஆர்த்திக்குச் சொல்ல வேண்டுமே என்று தோன்றியது. பிறகு சொல்லலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. சோற்றை வடித்தாள். மோர்மிளகாய் வறுத்தாள். ஆண்டவருக்குப் பிடிக்குமென்று தட்டைப்பயறு வேகவைத்துக் குழம்பு கூட்டினாள். தூக்கைத் துடைத்துச் சோற்றைப் போட்டு மூடினாள்.

ரோட்டோரம் வந்து வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள். வண்டி ஒன்றும் இல்லை. எதிரே பார்த்தபோது கால் நின்றுவிட்டது.

ஆண்டவர் வீட்டுச் சுவரோரம் அந்தக் கட்டு அவிழ்த்துக் கிடந்தது. பாதி மார் இல்லை. கூரைக்கு மேலே புகை வந்துகொண்டிருந்தது. பருத்திமார் எரிந்தால் வரும் வெள்ளைப் புகை.

தெருவில் நாலைந்து பேர் வெளியே வந்து நின்று பார்த்தார்கள். "யாரு வூட்டுலங்க பொகை?" என்று ஒரு பெண்குரல் கேட்டது. கமலவேணியின் கையில் தூக்கு சுட்டது. மாற்றிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

கருமாதிக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.